மூன்றாவது தட்டு

என் தம்பி கீர்த்திகனுக்குப் படம் எடுக்கத் தெரியும், படத்துக்கு நிற்கத் தெரியாது. கமராவைக் கண்டால் யாராவது ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். முகநூலில்கூடத் தன் முகத்தைப் போடாமல் ஒரு பென்குயினின் படத்தைத்தான் போட்டிருந்தான். அது லினக்ஸின் சின்னம். கணினியை இயக்குவதற்கு விண்டோஸ் மாதிரி இதுவும் ஒன்று, ஆனால் காசு இல்லை, களவும் இல்லை என்று ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்தினான்.

"நாளைக்கு உனக்குப் பொம்பிளை பாக்கேக்கையும் உந்தப் பறவையின்ரை படத்தையே குடுக்கிறது?" என்று கேட்டேன்.

"குடுங்கோ அக்கா. என்னைவிட அது வடிவுதானே."

ஆடி மாதக் கடைசியில், மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட, லொறியில் அடிபட்டுச் செத்தான். இருபத்தாறு வயது. இதை இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுதான் எனக்குச் சுகம். இழுத்துச் சொல்ல வெளிக்கிட்டால் முடிக்கமாட்டேன்.

செத்தவீட்டில் வைக்க ஒரு படம் இல்லை. அவனுடைய கைத்தொலைபேசி அவனோடு சேர்ந்து நொருங்கிப் போயிருந்தது. கூட்டாளிமார் தங்கள் தொலைபேசிகளைக் கிண்டிப் பார்த்துத் தந்தவற்றில் ஒன்றில் அவன் முதுகு இருந்தது, இன்னொன்றில் ஒரு காதும் பாதித் தோளும் இருந்தன. கடைசியில் அடையாள அட்டையில் இருந்ததைப் பெருப்பித்து வைத்தோம். பதினாறு வயதில், பள்ளிக்கூடக் கழுத்து ரையோடு, யாரோ அடித்துவிட்ட மாதிரி முழித்துக்கொண்டு இருக்கிற படம். வந்த சனம் எல்லாம் "ஐயோ, குழந்தைப்பிள்ளை" என்று அழுதது. எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. அவன் குழந்தைப்பிள்ளை இல்லை. தாடி வைத்திருந்தான். சுன்னாகத்தில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்தான். அம்மா செத்த பிறகு இந்த வீட்டில் என்னுடைய வாய்க்குப் பதில் வாய் கொடுத்த ஒரே ஆள் அவன்தான்.

அவனுடைய முகம் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அந்த வருடப் பொங்கலன்று அவனுடைய கமராவைப் பறித்து, அப்பாவின் பந்தலுக்குக் கீழே அவனை நிற்பாட்டி, நானே ஆறு படம் எடுத்தேன். "முகத்தைத் திருப்பினியெண்டால் புக்கை இல்லை" என்று பொங்கல் சோற்றைச் சொல்லி வெருட்டி எடுத்தது. நேரே பார்த்துச் சிரித்தான். அந்த ஆறு படமும் கமராவில் அழிபட்டு, அவன் கணினிக்குள் மட்டும் இருந்தன. கணினியோ போட்டால் கறுப்பாக வந்து, வெள்ளை எழுத்தில் இரண்டு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றது. சாவதற்கு இரண்டு நாளுக்கு முதலே, "உது படுத்திட்டுது அக்கா, லினக்ஸைத் திரும்பப் போடவேணும்" என்று சொல்லியிருந்தான். அதற்கென்று கடையில் மூன்று இறுவட்டுகளை எழுதிக் கொண்டுவந்து வைத்திருந்தான்.

இறுவட்டு என்கிற சீடியை அப்பா தட்டு என்பார். இந்த வீட்டில் அது இரண்டு வகை. ஒன்று கணினிக்கு. மற்றது அப்பாவின் முந்திரிகைப் பந்தலுக்கு. வெளியூரார் திராட்சை என்று சொல்வதைத்தான் நாங்கள் முந்திரிகை என்கிறோம். இணுவிலில் அரைப் பரப்புக் காணியில் அப்பா அதைப் போட்டு எட்டு வருடம். காய் நிறம் மாறத் தொடங்கினால் கிளியும் மைனாவும் வந்துவிடும். கடையில் பழுதாய்ப்போன இறுவட்டுகளைத் தம்பி கொண்டுவந்து தன் மேசையில் யன்னல் பக்கத்து மூலையில் வைப்பான். அப்பா கேளாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டுபோய் நைலோன் நூலில் கட்டித் தொங்கவிடுவார். வெயிலில் அவை சுழன்று மின்னப் பறவைகள் கிட்ட வராது. இருவரும் பெரிதாகக் கதைத்துக்கொள்கிற ஆட்கள் இல்லை. அந்த மேசை மூலைதான் அவர்களுக்குக் கதை பேச்செல்லாம்.

முப்பத்தோராம் நாள் வந்துகொண்டிருந்தது. அன்று அந்தியேட்டிக் கிரியை முடிந்து சாப்பிட்டுப் போகிறவர்களுக்குக் கல்வெட்டு கொடுக்கவேண்டும். செத்தவரின் கதையும் தேவாரங்களும் சேர்த்து அச்சடிக்கிற சின்னப் புத்தகம் அது. அதன் முதல் பக்கத்தில் படம். அந்தப் படத்தைத்தான் பிறகு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அச்சகக்காரர் வியாழக்கிழமை காலமை படம் வேண்டும் என்று நின்றார். அந்த முழிசிய பதினாறு வயதுப் பெடியன் எங்கள் சுவரில் ஆயுளுக்கும் தொங்கப்போகிறான் என்று நினைக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

தம்பியோடு கடையில் வேலை செய்கிற கஜீவனுக்குப் போன் எடுத்தேன். கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய் நின்றான்.

"அக்கா, நான் சனிக்கிழமை வாறன். அதுவரைக்கும் ஒண்டையும் தொடாதேங்கோ."

"சனிக்கிழமை வந்து என்ன செய்யிறது? வியாழக்கிழமை படம் குடுக்கவேணும்."

"அக்கா, சொல்லுறதைக் கேளுங்கோ. தொடாதேங்கோ."

ஒரு விடயத்தைச் செய்யாதே என்று எனக்குச் சொல்லக்கூடாது. இது என் பிறவிக் குணம். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, காலமை ஒன்பது மணிக்குத் தம்பியின் கதிரையில் போய் இருந்தேன்.

நான் பிரதேச செயலகத்தில் விண்ணப்பங்கள் வாங்குகிற மேசையில் இருக்கிறவள். அங்கே ஒரு நாளைக்கு நாற்பது தரம் நான் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "வாசிச்சுப் பாத்தே கையெழுத்து வச்சனீங்கள்? மறுபக்கம் பாத்தனீங்களே?" சனம் தலையைச் சொறியும். நான் படிவத்தைத் திருப்பி அவர்கள் முன்னால் எறிவேன். எறிவதில் எனக்கு ஒரு சந்தோசமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

மேசை லாச்சிக்குள் வெள்ளைக் கடதாசி உறைகள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று தம்பியின் கையெழுத்தில் இலக்கம் போட்டிருந்தது. முதலாவது உறையில், எந்தப் பொத்தானை அமத்தினால் கணினி இறுவட்டிலிருந்து தொடங்கும் என்றும் எழுதியிருந்தான். உறைகளை எண்ணினேன். உள்ளே பார்க்கவில்லை.

முதல் இறுவட்டைப் போட்டேன். உறுமிவிட்டுத் தொடங்கியது. எந்த மொழி என்று கேட்டது. பட்டியலில் தமிழும் இருந்தது, அதைக் கொடுத்தேன். ஊர் கேட்டது, நேரம் கேட்டது, என் பெயர் கேட்டது. தக்சாயினி என்று அடித்தேன். எல்லாம் எங்கள் அலுவலகப் படிவம் மாதிரியே இருந்ததில் எனக்குத் துணிவு வந்துவிட்டது. பிறகு ஒரு பக்கம் முழுக்க எழுத்து வந்தது. வட்டு முழுவதையும் பயன்படுத்துவதா, பகுதி பகுதியாகப் பிரிப்பதா என்று கேட்டு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதலாவதே நல்லது என்றும் சொன்னது. நான் புதிதாகத் தொடங்குகிறவள்தானே. முதலாவதைக் கொடுத்தேன். இன்னும் நாலைந்து வரி எழுதி, கடைசியில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் காட்டியது. அந்த நாலைந்து வரியையும் என் கண் மேலால் ஓடிப் பார்த்தது. வாசிக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தால் அலமாரிக்குள் இருக்கிற சீலை எங்கே போகப்போகிறது என்பதுதான் என் எண்ணம். ஆம் என்பதை அமத்தினேன்.

ஒரு நீலக் கோடு மெல்ல மெல்ல நீண்டது. அது நீள நீள எனக்குச் சந்தோசமாக இருந்தது. இவ்வளவுதானா, இதற்குத்தானா இந்தப் பெடியள் இவ்வளவு பெரிய மூளைசாலிகள் மாதிரி நடந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். "பாத்தியே" என்றுகூட வாய்விட்டுச் சொன்னேன், தம்பி பக்கத்தில் நிற்கிற மாதிரி. பாதி தாண்ட இரண்டாவது இறுவட்டைக் கேட்டது. கொடுத்தேன். பதினொன்றரை போல மூன்றாவதைக் கேட்டது.

மூன்றாவது உறைக்குள் ஒன்றும் இல்லை.

லாச்சியைக் கவிழ்த்துக் கொட்டினேன். கட்டிலுக்குக் கீழே, புத்தகங்களுக்குள்ளே, அவனுடைய சேர்ட்டுப் பைகளுக்குள்ளே எல்லாம் பார்த்தேன். ஒரு சேர்ட்டை மணந்து பார்த்தேன். பிறகு திரும்பவும் தேடினேன். திரை அசையாமல் நின்று அதையே கேட்டுக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அப்பா தோட்டத்திலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளை தேடுறாய்?"

"தம்பியின்ரை சீடி. மூண்டாவது சீடியைக் காணேல்லை."

அப்பாவின் முகம் மாறியது. திரும்பி நடந்தார். நான் பின்னால் போனேன். பந்தலின் தெற்குப் பக்கத்தில், பழையவைக்கு நடுவில், ஒரு புது இறுவட்டு சுழன்றுகொண்டிருந்தது.

"மேசை மூலையிலை வெறுமனே கிடந்தது" என்றார். "எட்டாம் நாள் செலவு கழிஞ்ச அடுத்த நாள் அறையைக் கூட்டேக்கை கண்டனான். எனக்கெண்டு வச்சிட்டுப் போயிட்டான் எண்டு நினைச்சன்."

கடையால் வந்த களைப்பில், அதை உறைக்குள் வைக்காமல் அந்த மூலையில் வைத்துவிட்டு மற்ற நாள் வேலைக்கு வெளிக்கிட்டிருப்பான். இவ்வளவும் எனக்கு அந்த நேரமே விளங்கியது. விளங்கியும் என் வாய் நிற்கவில்லை.

"லொறிக்காரன் விட்டுவச்ச மிச்சத்தை நீங்கள் முடிச்சுப் போட்டியள்" என்றேன். "நாலு கிளிக்குப் பயந்து."

 அப்பா ஏணியை எடுத்துவந்து வைத்து ஏறினார். எழுபது வயது.  முடிச்சைக் கத்தியால் வெட்டாமல் அவிழ்த்தார். அதைத் தன் சால்வையால் துடைத்து என்னிடம் தந்தார்.

மூன்று கிழமைக்குக் கிட்ட வெயிலில் கிடந்தது அது. ஓர் ஓரத்தில் வெள்ளிப் பூச்சு பொருக்குப் பொருக்காய் எழும்பியிருந்தது. இலக்கம் எழுதிய மை வெளிறி இல்லாமலே போயிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றிப் போட்டேன். கணினி அதை உள்ளே இழுத்து, கறகற என்று சுற்றிவிட்டு வெளியே தள்ளியது. ஒன்பது தரம் போட்டேன். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது தரமும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிறுவல் தோல்வி என்று திரையில் வந்தது. அதைத் தமிழில் வாசிக்க வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

வியாழக்கிழமை பதினாறு வயதுப் பெடியனைக் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் பார்க்கும்போது பந்தலில் ஒரு தட்டும் இல்லை. அப்பா எல்லாவற்றையும் அவிழ்த்து ஓர் உரப் பையில் போட்டுக் கட்டி, கிணற்றடியில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை விடியக் கிளிகள் வந்துவிட்டன. பழம் பிடுங்க இன்னும் பத்து நாள் இருந்தது. அப்பா பந்தலுக்குக் கீழே வழக்கமான மர வாங்கில் இருந்தார். தலைக்கு மேலே அவை தின்று துப்பின. அவர் கையைக்கூடத் தட்டவில்லை. சாப்பாட்டை நான் கொண்டுபோய் வைத்தேன், இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னது உண்மைதானே என்று ஒரு பக்கம் உள்ளுக்குள் நின்று சண்டை பிடித்தது.

சனிக்கிழமை கஜீவன் வந்தான். பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருந்தான். நான் நடந்ததைச் சொன்னேன், அப்பா செய்ததைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கணினிப் பெட்டியைத் திறந்து உள்ளே எல்லாம் பதிந்து வைக்கிற வட்டைக் கழற்றித் தன் மடிக்கணினியோடு இணைத்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அக்கா, வட்டு முழுக்கப் பாவிக்கட்டோ எண்டு ஓரிடத்திலை கேட்டிருக்கும். ஓம் எண்டே குடுத்தனீங்கள்?"

"ஓம்."

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "அதிலைதான் அக்கா எல்லாம் போனது. முதல் சீடியிலையே."

"அப்ப மூண்டாவது?"

"அதிலை என்ன கிடக்கு? விளையாட்டுகளும், வேறை வேறை மொழியளும்தான். அது கிடைச்சிருந்தாலும் படம் வந்திராது."

 கஜீவன் விடவில்லை. அழிந்ததைத் தோண்டியெடுக்க ஏதோ ஒன்றை ஓடவிட்டுவிட்டு, பின்னேரம் மூன்று மணிவரை தேத்தண்ணி மட்டும் குடித்துக்கொண்டு இருந்தான். கடைசியில் ஒரே ஒரு படம் வந்தது. மேலே முந்திரிகை இலைகள். அதற்குக் கீழே தம்பியின் தலைமயிர், பிறகு நெற்றி. நெற்றியில் பொங்கலுக்குப் பூசிய திருநீறு மூன்று கோடாய்த் தெரிந்தது. புருவம் தொடங்குகிற இடத்தில் படம் முடிந்து, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

"இவ்வளவுதான் அக்கா" என்றான் கஜீவன். அவன் அழுதான். நான் அழவில்லை, எனக்கு அதற்கும் தகுதி இல்லை என்று இருந்தது.

போவதற்கு முன் மேசையில் கிடந்த சாமான்களை ஒதுக்கினான். மூன்றாவது உறையை எடுத்தவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று குப்புற வைத்துவிட்டான். அவன் போன பிறகு நான் அதை எடுத்துத் திருப்பினேன். மறுபக்கத்தில் தம்பி தனக்குத்தானே எழுதியிருந்தான்.

"தொடங்க முதல், உள்ளே இருக்கிற வட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொங்கல் படங்களைக் கொப்பி எடு. இல்லாட்டி அக்கா கொல்லுவா."

நான் மறுபக்கம் பார்க்கவில்லை. நாற்பது பேருக்கு நாற்பது தரம் சொல்கிறவள், பார்க்கவில்லை.

உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன். அப்பா வாங்கில் இருந்தார். தரையெல்லாம் தின்று துப்பிய தோலும் பிஞ்சும். நான் வாங்கின் மற்றப் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, படத்தை அழிச்சது நான்தான்."

அவர் திரும்பினார்.

"உங்கடை தட்டாலை ஒண்டும் நடக்கேல்லை. அதுக்கு முதலே எல்லாம் போயிட்டுது. அழிக்கட்டோ எண்டு கொம்பியூட்டர் கேட்டது, நான் வாசியாமல் ஓம் எண்டு குடுத்திட்டன். கஜீவன் சொல்லிப்போட்டான். உங்களை அப்பிடிக் கதைச்சிருக்கக்கூடாது நான்."

அப்பா மேலே பார்த்தார். ஒரு கிளி குலையொன்றில் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு தின்றது.

"தெரிஞ்சே செய்தனீ?"

"இல்லை."

"நானும் தெரிஞ்சு செய்யேல்லை, பிள்ளை" என்றார்.

 அவர் ஏதோ கேட்க வெளிக்கிட்டு நிறுத்துவது எனக்குத் தெரிந்தது. சால்வையை மடித்தார், விரித்தார்.

"அப்ப உந்தத் தட்டு" என்றார். "அது கொம்பியூட்டருக்கு எழுதினதுதானே. எனக்கெண்டு வச்சது இல்லைத்தானே."

மூன்று கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் அவர் இந்த வாங்கில் இருந்து தெற்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். கிளி பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லை அப்பா" என்றேன். "கஜீவன் போட்டுப் பாத்தவன். அது எழுதேக்கையே பழுதாய்ப் போனது. தம்பி அதை உங்களுக்கெண்டுதான் ஒதுக்கி வச்சவன். மற்றது எங்கையோ துலைஞ்சு போச்சு."

"உண்மையே?"

"உண்மை."

அப்பா எழும்பிப் போய்க் கிணற்றடியில் இருந்த உரப் பையை இழுத்துக்கொண்டு வந்தார். நான் வீட்டுக்குள் போய் அந்தத் தட்டை எடுத்து வந்து கொடுத்தேன். ஏணியைப் பிடிக்கச் சொன்னார். முதலில் அதைத்தான் கட்டினார், பழைய இடத்திலேயே. காற்று வர அது ஒருதரம் சுழன்று அவர் முகத்தில் வெளிச்சம் அடித்தது. கிளி எழும்பிப் பறந்தது. பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக் கட்டினார்.

அவர் கைகால் கழுவப் போன பிறகு உறையை வெளியே எடுத்தேன். அது வீட்டில் கிடந்தால் என்றைக்காவது ஒருநாள் அப்பாவின் கையில் படும், அந்தத் தட்டு இந்த உறைக்குரியதுதானே என்று திரும்பவும் யோசிக்கத் தொடங்குவார். முன்பக்கம் மூன்று என்ற இலக்கம், மறுபக்கம் அந்த இரண்டு வசனங்கள். தம்பியின் கையெழுத்தில் என்னை அக்கா என்று சொல்லிக் கிடந்தது வீட்டில் இது ஒன்றுதான். துண்டு துண்டாகக் கிழித்து, பந்தலடியில் உரத்துக்குக் குழை தாழ்க்க வெட்டியிருந்த குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளினேன்.

இந்த முறை இரண்டு பக்கமும் வாசித்துவிட்டுத்தான் செய்தேன்.